முதல் ஆளை எந்த இடத்துக்கு எடுப்பது? கூடைப்பந்து வீடியோ கேம் கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் புதுச்சேரி, கடலூர் பக்கத்து வாசகர்கள் அனுப்பியவை. எல்லாமே அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ-வை வைத்துச் செய்த என்.பி.ஏ 2கே என்ற வீடியோ கேம் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: களத்தில் ஐந்து இடங்கள். 1 பாயிண்ட் கார்டு, 2 ஷூட்டிங் கார்டு, 3 ஸ்மால் ஃபார்வர்டு, 4 பவர் ஃபார்வர்டு, 5 சென்டர். பதில்களில் பட்டன் பெயர்கள் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலருக்கு உரியவை.

கேள்வி: மைஎன்பிஏ பகுதியில் (ஓர் அணியைப் பல சீசன் நிர்வகிக்கும் பகுதி) 30 அணிகளையும் கலைத்துவிட்டு, எல்லா ஆட்டக்காரர்களையும் புதிதாக டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து ஆள் எடுப்பது) செய்யப் போகிறேன். எனக்கு 11-வது வாய்ப்பு. ரூம்மேட் "பாயிண்ட் கார்டு எடு" என்கிறான். மாமா பையன் "நல்ல சென்டர் இல்லாம டீமே இல்ல" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பல சீசன் ஓட்டப் போகிறீர்கள் என்றால் நாங்கள் மாமா பையன் கட்சி. காரணம் உயரம். பயிற்சியில் த்ரீ பாயிண்ட் (தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பது) ரேட்டிங் ஏறும், பாஸ் ஏறும், பந்தைத் தட்டிக்கொண்டு போகும் திறமையும் ஏறும். 1.90 மீட்டர் ஆளை எத்தனை சீசன் பழக்கினாலும் அவர் 2.13 ஆக மாட்டார். பின்னால் சம்பாதித்துக்கொள்ள முடியாத பொருளை முதலில் வாங்கிப் போட வேண்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சென்டர் பட்டியலில் முதல் ஆளை எடுத்துவிடாதீர்கள். டிராஃப்டுக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு தாளில் இந்த வேலையைச் செய்யுங்கள். ஆட்டக்காரர் பட்டியலை இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் 1-வது, 6-வது, 12-வது, 20-வது ஆளை எழுதுங்கள். பக்கத்தில் அந்த இடத்துக்கு முக்கியமான மூன்று ரேட்டிங்கை மட்டும் குறியுங்கள். பாயிண்ட் கார்டுக்கு த்ரீ பாயிண்ட், பந்துக் கட்டுப்பாடு, பந்தோடு ஓடும் வேகம். 2, 3-க்கு த்ரீ பாயிண்ட், வெளிவட்டத் தடுப்பு, ஓட்ட வேகம். சென்டருக்கு உள்வட்டத் தடுப்பு, பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவது), த்ரீ பாயிண்ட். மேலிருந்து கீழே வர வர எந்த இடத்தில் எண்கள் தடாலென்று விழுகின்றனவோ, அந்த இடத்தில்தான் உங்கள் முதல் வாய்ப்பைச் செலவழிக்க வேண்டும்.

செய்து பாருங்கள், கார்டுகளில் சரிவு மெதுவாக இருக்கும். பிளாக் செய்யவும் தெரிந்து, வெளியிலிருந்து எறியவும் தெரிந்த சென்டர்கள் மட்டும் ஏழெட்டுப் பேரோடு தீர்ந்துவிடுவார்கள். எங்கள் அளவுகோல்: த்ரீ பாயிண்ட் 75-க்கு மேல், பிளாக் 80-க்கு மேல், தற்காப்பு ரீபவுண்டு (எதிரணி தவறவிட்ட எறியைப் பிடிப்பது) 80-க்கு மேல். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் யோசிக்க வேண்டாம்.

ஓவரால் எண்ணை (ஓர் ஆளின் மொத்த ரேட்டிங்) வைத்து ஒரு சென்டரையும் ஒரு கார்டையும் ஒப்பிடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. ஓவரால் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு கணக்கில் வருகிறது. ஒரே ஆளை 2-லிருந்து 1-க்கு மாற்றிப் பாருங்கள், ஒரு ரேட்டிங்கையும் தொடாமலே ஓவரால் மாறும். 90 ஓவரால் சென்டர் ஒருவர் நின்ற இடத்திலிருந்து டங்க் (பந்தைக் கூடைக்குள் அழுத்திப் போடுவது) அடிப்பதையும் ரீபவுண்டையும் வைத்தே அந்த 90-ஐ வாங்கியிருக்கலாம். அவரால் கூடையிலிருந்து நாலு அடி விலகி ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் 11-வது வாய்ப்புக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை திரும்பும் முறையில் டிராஃப்ட் நடந்தால் உங்கள் இரண்டாவது வாய்ப்பு 50, மூன்றாவது 71. (61-லிருந்து உங்கள் எண்ணைக் கழித்தால் இரண்டாவது சுற்று எண் வரும்.) 11-க்கும் 50-க்கும் நடுவில் 38 பேர் கையைவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே முதல் ஆளை எடுக்கும்போதே, 50-ல் யார் மிஞ்சுவார் என்று தாளில் குறித்து வையுங்கள். 50-ல் உருப்படியான கார்டு கிடைப்பார். உருப்படியான சென்டர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

வயதையும் பாருங்கள். பல சீசன் ஆட்டத்தில் 33 வயது நட்சத்திரம் இரண்டு சீசனில் இறங்க ஆரம்பிப்பார், அவரைச் சுற்றிக் கட்டியதெல்லாம் அவரோடு இறங்கும். 21, 22 வயதில் விக்டர் வெம்பன்யாமா மாதிரி ஒருவர் 11 வரை மிஞ்ச மாட்டார், 2.24 மீட்டர் உயரம், 2023-24-ல் புது ஆட்டக்காரராக வந்த வருடத்திலேயே லீகில் அதிக பிளாக் அவருடையது. ஆனால் அந்த வார்ப்பில் கொஞ்சம் குறைந்த ரேட்டிங்கோடு, 23 வயதில் ஒருவர் உங்கள் முறை வரும்போது இருக்கக்கூடும். தேட வேண்டியது அவரைத்தான்.

சொன்னதற்கு எதிராகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். நிஜ என்.பி.ஏ-வின் 1984 டிராஃப்டில் போர்ட்லாண்டு அணிக்கு இரண்டாவது வாய்ப்பு. ஷூட்டிங் கார்டு இடத்துக்கு முந்தைய வருடம் எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். சென்டர்தான் தேவை என்று சாம் போவியை எடுத்தார்கள். அடுத்த வாய்ப்பில் சிகாகோ மைக்கேல் ஜோர்டானை எடுத்துக்கொண்டது. முதல் வாய்ப்பில் ஹூஸ்டன் எடுத்ததும் சென்டர்தான், ஹக்கீம் ஒலாஜுவான். அவரை வைத்து 1994, 1995 இரண்டு கோப்பை வாங்கினார்கள். ஆகவே சென்டர் தேடியது குற்றமில்லை, இடத்தை நிரப்புவதற்காக ஆளின் தரத்தில் இறங்கியதுதான் குற்றம். உங்கள் தாளில் 11-வது வாய்ப்புக்கு எஞ்சியிருக்கும் சென்டரைவிட ஒரு ஃபார்வர்டு எல்லா வகையிலும் எட்டிப் போய் நின்றால், ஃபார்வர்டையே எடுங்கள்.

கடைசியாக, ஒரு சீசனின் 82 ஆட்டத்தில் எத்தனையை நீங்களே ஆடுவீர்கள்? பாதிக்கு மேல் கணினியையே ஓட்டவிடுவீர்கள் என்றால் உங்கள் விரல் திறமைக்கு அங்கே வேலை இல்லை, ரேட்டிங்தான் பேசும். அப்போது சென்டர் பக்கம் தராசு இன்னும் சாயும்.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கேமிங் கடையில் போட்டி வைக்கிறார்கள். குவார்ட்டருக்கு 5 நிமிடம், ஆளுக்கு ஆள், இப்போதைய என்.பி.ஏ அணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்த இடம் பலமாக உள்ள அணியை எடுக்கலாம்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

மேலே சொன்னதை இங்கே தலைகீழாகத் திருப்புங்கள். பாயிண்ட் கார்டு பலமாக உள்ள அணியை எடுங்கள்.

நிஜ என்.பி.ஏ ஆட்டம் 48 நிமிடம். ஓர் அணிக்குச் சுமாராக 100 முறை பந்து கையில் வரும். உங்கள் ஆட்டம் மொத்தம் 20 நிமிடம். அதே வேகத்தில் பார்த்தால் 40 முறை சொச்சம். அந்த நாற்பதிலும் பந்து முதலில் வருவது பாயிண்ட் கார்டு கைக்கு, அதாவது உங்கள் கைக்கு. சென்டருக்குப் பந்து போய்ச் சேர ஒரு பாஸ் வேண்டும், அந்தப் பாஸை எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் குறுக்கே புகுந்து தட்டலாம். கணினியை ஏமாற்றும் உள்வட்ட ஆட்டம் மனிதரிடம் செல்லாது. இரண்டு முறை வாங்கிக்கொண்டவர், மூன்றாவது முறை எல்1 அழுத்தி இரண்டு பேரைச் சென்டர் மேல் ஏவிவிடுவார்.

அணியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரே ஓர் ஆட்டத்தைப் பழகுங்கள்: பிக் அண்ட் ரோல். அதாவது சென்டர் குறுக்கே நின்று தடுப்பவரை மறிப்பார் (இதுதான் ஸ்கிரீன்), கார்டு அதைச் சுற்றி ஓடுவார், பிறகு சென்டர் கூடையை நோக்கிப் போவார். ஒரு வாரம் தினமும் 30 நிமிடம் போதும்.

பந்தை மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி வெளியே, நடுவிலிருந்து கொஞ்சம் விலகி நிறுத்துங்கள். எல்1-ஐ அழுத்திப் பிடித்தால் சென்டர் ஏறி வந்து, உங்களைத் தடுப்பவர் பக்கத்தில் தோள் கொடுத்து நிற்பார். அவருடைய இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை நகராதீர்கள். சென்டர் இன்னும் நடந்து வரும்போதே ஆர்2-ஐ (வேக ஓட்டம்) அமுக்கிப் பறப்பதால்தான் முக்கால்வாசிப் பேருக்கு இந்த ஆட்டம் கெடுகிறது. ஸ்கிரீனில் யாரும் மாட்ட மாட்டார்கள், தெம்பும் வீணாகும். சென்டர் ஊன்றியதும், அவர் தோளை உரசுகிற மாதிரி இடது ஸ்டிக்கை அவர் பக்கம் தள்ளுங்கள். அப்போதுதான் ஆர்2.

தோளைத் தாண்டிய அந்த நொடியில் பார்க்க வேண்டியது ஒரே ஆளை, எதிரணிச் சென்டரை. அவர் பின்வாங்கிக் கூடைப் பக்கம் போனால் சதுரப் பட்டன், நின்று எறியுங்கள். உங்கள் மேல் ஏறி வந்தால், கூடையை நோக்கி ஓடும் உங்கள் சென்டருக்கு வட்டப் பட்டனில் தரையில் தட்டிப் பாஸ். கூடைக்கு அடியில் ஆளே இல்லை என்றால் முக்கோணத்தை இரண்டு தட்டு, மேலே தூக்கிக் கொடுக்கும் பாஸ் போகும். மூலையில் நிற்பவரைக் காக்க வேண்டிய ஆள் உள்ளே ஓடி வந்தால், ஆர்1 அழுத்தி, மூலையில் நிற்பவர் தலைக்கு மேல் தெரியும் பட்டனை அழுத்துங்கள். என்.பி.ஏ களத்தில் நடுவில் மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டர், மூலையில் 6.70 மீட்டர்தான். எறி எளிது, புள்ளி அதே மூன்று.

கார்டு எறி தெரிந்தவராக இல்லாவிட்டால் எதிரணிச் சென்டர் பின்வாங்கியே நிற்பார், இந்தக் கதவுகள் ஒன்றும் திறக்காது. 2015-16-ல் ஸ்டீஃபன் கரி ஒரே சீசனில் 402 த்ரீ பாயிண்ட் போட்டார். எதிரணிச் சென்டர்கள் கூடையை விட்டு ஏறி வர வேண்டியிருந்தது, பின்னால் இடம் காலியானது. கடையில் உங்கள் கார்டும் அதைத்தான் செய்ய வேண்டும்.

போட்டிக்கு முந்தைய நாள் அந்தக் கடை டிவியிலேயே பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். வீட்டு டிவியில் பழகிய எறி நேரம் அங்கே ஒத்துவராமல் போகலாம். காரணம் இன்னொரு பதிலில் இருக்கிறது.

கேள்வி: பெரிய உடம்புள்ள சென்டரை வைத்து அணி கட்டினேன். அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் 30 புள்ளி எடுக்கிறார். ஆனாலும் தோற்கிறோம். என்ன பிழை?
– தனியார் நிறுவன ஊழியர், முதலியார்பேட்டை

பிழை சென்டரிடம் இருக்காது, மற்ற நாலு பேரில் தேடுங்கள். உங்கள் ஐந்து பேரில் த்ரீ பாயிண்ட் ரேட்டிங் 70-க்குக் கீழே எத்தனை பேர்? சென்டரைச் சேர்த்து இரண்டு பேருக்கு மேல் என்றால் விடை கிடைத்துவிட்டது. எறியத் தெரியாதவரை எதிரணி காக்க வேண்டியதில்லை. அவரைக் காக்க வேண்டிய ஆள் உள்ளே நகர்ந்து உங்கள் சென்டர் காலடியில் நிற்பார். கூடைக்கு முன்னால் உள்ள கட்டம் 4.9 மீட்டர்தான் அகலம். அதில் உங்கள் சென்டர், அவரைத் தடுப்பவர், உதவிக்கு வந்தவர் என்று மூன்று பேர் நின்றால் சந்தை நாள் கூட்டம்தான்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் சூழ்ந்து நிற்க, சென்டர் நூற்றுக்கு 50 போட்டால் ஓர் எறிக்குச் சராசரி 1 புள்ளி. காவல் இல்லாமல் நிற்கும் ஒருவர் த்ரீ பாயிண்டை நூற்றுக்கு 36 போட்டால் 1.08. ஆக, சென்டரிடம் பந்து கொடுப்பதன் நோக்கம் இரண்டாவது ஆளை வரவழைப்பது. அவர் வந்ததும் பந்து வெளியே போக வேண்டும். நிகோலா யோகிச் இதற்கு வாழும் பாடம். 2014 டிராஃப்டில் 41-வதாக எடுக்கப்பட்ட சென்டர், 2024-25 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 10-க்கு மேல் அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்). அந்த எண் பாயிண்ட் கார்டுகளுக்கே பெரிது. நீங்கள் சென்டர் வாங்கும்போது பாஸ் ரேட்டிங்கைப் பார்த்தீர்களா?

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: 2, 3, 4 இடங்களுக்கு 75-க்கு மேல் எறி உள்ளவர்களைக் கொண்டுவாருங்கள், ஓவரால் நாலைந்து குறைந்தாலும் பரவாயில்லை. ஆட்ட முறையில் நாலு பேர் வெளியே, ஒருவர் உள்ளே நிற்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சென்டருக்குப் பந்து போனதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். இரண்டுக்குள் எறிய முடியவில்லை என்றால் ஆர்1 அழுத்தி வெளியே பாஸ். மூன்றாவது நொடியில் யாராவது பந்தைத் தட்டிவிடுவார்கள். பந்து வராமலே அவர் கட்டத்துக்குள் மூன்று நொடி நின்றாலும் விசில்தான்.

தற்காப்பிலும் ஓர் ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறோம். எதிரணி ஸ்கிரீன் வைக்கும்போது உங்கள் ஆட்கள் இடம் மாற்றிக் காப்பதாக அமைப்பு இருந்தால், உங்கள் கனமான சென்டர் வெளியே ஒரு குட்டிக் கார்டை விரட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் மூன்று புள்ளி போகும். தற்காப்பு அமைப்பில் சென்டருக்கு மட்டும் இடமாற்றத்தை நிறுத்தி, கூடைப் பக்கம் பின்வாங்கும் முறைக்கு மாற்றுங்கள். நீங்கள் எடுக்கும் 30 புள்ளி எங்கே ஒழுகிப் போகிறது என்று அன்றைக்கே தெரியும்.

ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறி) ஒரு பார்வை பாருங்கள். அவர் நூற்றுக்கு 60 போட்டாலே, இரண்டு எறிக்குச் சராசரி 1.2 புள்ளி. 45 என்றால் 0.9 தான். அப்படிப்பட்டவரை எதிராளி கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து உங்களை முடக்குவார். அந்த நேரத்துக்கு எறி தெரிந்த ஒரு மாற்றுச் சென்டர் பெஞ்சில் இருக்கட்டும்.

கேள்வி: சென்டரே இல்லாமல் ஐந்து பேரையும் குள்ளமாக வைத்து ஆடலாமா?
– வாசகர், நெய்வேலி

ஆடிப் பார்த்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஹூஸ்டன் தன் சென்டர் கிளின்ட் கபேலாவை டிரேட் செய்துவிட்டு (வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு), 1.96 மீட்டர் பி.ஜே. டக்கரை அந்த இடத்தில் நிறுத்தியது. அந்த வருடம் பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்றுகள்) இரண்டாவது சுற்றில் லேக்கர்ஸிடம் ஆட்டக் கணக்கில் 4-1 என்று தோற்றார்கள். கோல்டன் ஸ்டேட் 2015 இறுதிப் போட்டித் தொடரில், நாலாவது ஆட்டத்திலிருந்து சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுவோடலாவை இறக்கிக் கோப்பை வாங்கியது. ஆனால் அங்கே உள்ளே நின்று காத்தது 1.98 மீட்டர் டிரேமண்ட் கிரீன். அவர் மாதிரி ஆள் இருந்தால் ஆடலாம். ரீபவுண்டு எண்ணை மட்டும் ஒவ்வொரு குவார்ட்டரிலும் பாருங்கள், ஐந்துக்கு மேல் பின்தங்கினால் உடனே உயரமானவரை இறக்குங்கள்.

கேள்வி: 2, 4 இரண்டில் எதை மையமாக வைக்கலாம்?
– வாசகி, பண்ருட்டி

இரண்டையும் வேண்டாம். ஷூட்டிங் கார்டுதான் பட்டியலில் எளிதில் மாற்று கிடைக்கும் இடம். எறியும் தடுப்பும் 80 உள்ளவர் பின்சுற்றுகளிலும் கிடைப்பார். 4-ல் யானிஸ் அன்டெட்டோகூன்போ மாதிரி 2.11 மீட்டர் உயரத்தோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுபவர் கிடைத்தால் எடுங்கள். அவர் பெயருக்குத்தான் பவர் ஃபார்வர்டு, உண்மையில் மூன்று இடத்து வேலை ஒரே உடம்பில். 2023-24 சீசனிலிருந்து என்.பி.ஏ-யே தன் சிறந்த ஐவரை இடம் பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறது.

கேள்வி: சம்பள வரம்பு (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு) போட்டு ஆடுகிறேன். ஒரு பாயிண்ட் கார்டு, ஒரு சென்டர், இரண்டு பேருக்கும் அதிகபட்சச் சம்பளம் கொடுத்துவிட்டால் முதுகெலும்பு கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பெஞ்சுக்கு ஆள் கிடைக்கவில்லை.
– வங்கி ஊழியர், வில்லியனூர்

எண்களை உடைத்துப் பார்ப்போம். 2025-26 என்.பி.ஏ சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். உங்கள் விளையாட்டுப் பதிப்பு பழையதென்றால் எண் மாறும், விகிதம் மாறாது. பத்து வருடமோ அதற்கு மேலோ ஆடியவருக்கு அதிகபட்சம் வரம்பில் 35 சதவீதம். 7 முதல் 9 வருடம் என்றால் 30. அதற்குக் கீழே 25. அதாவது 5.41 கோடி, 4.64 கோடி, 3.87 கோடி.

35 சதவீதக்காரர் இரண்டு பேர் என்றால் 10.82 கோடி போயிற்று. மிச்சம் 4.64 கோடி, 13 பேருக்கு. தலைக்கு 35.7 லட்சம் டாலர். அந்தக் காசுக்கு 3-ம் இடத்தில் த்ரீ பாயிண்ட்டும் தடுப்பும் தெரிந்த ஆள் வர மாட்டார். முதுகெலும்பு இருக்கும், கைகால் இருக்காது.

ஒருவரை 25 சதவீதக்காரராக மாற்றினால் 1.54 கோடி மிஞ்சும். நல்ல ஃபார்வர்டு ஒருவர் அதில் வருவார். அதைவிட நல்லது, இரண்டில் ஒருவர் இன்னும் முதல் ஒப்பந்தத்தில் இருப்பது. முதல் சுற்று டிராஃப்டில் வந்தவரின் ஒப்பந்தம் நாலு சீசன்: இரண்டு உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். சம்பளம் அட்டவணைப்படி, குறைவு. நட்சத்திரமாக ஆடிக்கொண்டே குறைந்த சம்பளம் வாங்கும் அந்த நாலு வருடத்தில்தான் மற்ற இடங்களை நிரப்ப வேண்டும். எந்த இடத்தைச் சுற்றிக் கட்டுவது என்ற கேள்விக்கு உங்கள் விஷயத்தில் எங்கள் பதில்: முதல் ஒப்பந்தத்தில் இருப்பவர் எந்த இடமோ, அந்த இடம். அவர் சென்டராக இருந்தால் பெரிய சம்பளத்தைக் கார்டுக்குக் கொடுங்கள். கார்டாக இருந்தால் சென்டருக்கு.

வரம்பு முட்டிவிட்டதே என்று உங்கள் ஆளை விட்டுவிடாதீர்கள். ஒரே அணியில் மூன்று சீசன் இருந்தவரை வரம்பைத் தாண்டியும் மறுபடி ஒப்பந்தம் செய்யலாம், ஆடம்பர வரிதான் (சம்பளச் செலவு எல்லை மீறினால் அணி கட்டுவது) கூடும். ஆகவே வெளியிலிருந்து வாங்குவதை முதலில் முடியுங்கள், சொந்த ஆளுக்குக் கையெழுத்து கடைசியில். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு இடமில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

கேள்வி: ஆன்லைனில் ஆடும்போது என் கார்டு எறியும் பந்து எப்போதும் லேட் என்றே காட்டுகிறது. தனியாக ஆடும்போது அவ்வளவு மோசமில்லை. கார்டை விட்டுவிட்டுச் சென்டர் பக்கம் போய்விடலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

அணியை மாற்றும் முன் டிவியை மாற்றுங்கள், அதாவது அதன் அமைப்பை. பல டிவிகளில் படத்தை மெருகேற்றும் வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்த பிறகுதான் காட்சி திரைக்கு வரும். ரிமோட்டில் பட அமைப்புக்குப் போய் கேம் மோடைப் போடுங்கள். செட் டாப் பாக்ஸுக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று என்று டிவிகள் எச்.டி.எம்.ஐ துளை வாரியாக அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே பிளேஸ்டேஷன் ஓடும்போதே மாற்ற வேண்டும். அடுத்து, வைஃபையை விட்டு ரூட்டரிலிருந்து நேரே லேன் கேபிள் இழுங்கள்.

விளையாட்டு நொடிக்கு 60 பிரேம் ஓடுகிறது, ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்டு. டிவியும் இணையமும் சேர்ந்து 100 மில்லிசெகண்டு தாமதித்தால் ஆறு பிரேம். கை சரியாகத்தான் விடுகிறது, செய்தி போய்ச் சேர்வதற்குள் ஆறு பிரேம் கடந்துவிடுகிறது. ஆன்லைனில் மட்டும் மோசம் என்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இணையத்தின் பங்குதான் அதிகம். அண்மைப் பதிப்புகளில் எறி நேர அமைப்பு இருக்கிறது. பந்தை விடும் குறிப்பைச் சற்று முன்னால் நகர்த்திவைத்து, பயிற்சிக் களத்தில் ஒரே கார்டை வைத்து 50 எறி எறியுங்கள். லேட், எர்லி எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால் அமைப்பு சரி. ஆன்லைனுக்கு அதற்கும் ஒரு படி முன்னால்.

இதெல்லாம் செய்தும் தாமதம் போகவில்லை என்றால், ஆமாம், சென்டர் பக்கம் போங்கள். கூடைக்கு அடியில் டங்க் அடிப்பதற்கு அவ்வளவு நுணுக்கமான நேரம் தேவையில்லை. ஸ்டிக்கைத் தள்ளினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. தாமதமுள்ள இணைப்புக்கு நல்ல சென்டரும், எறி வேகம் குறைந்த, கையை உயரத் தூக்கிப் பந்தை விடும் ஃபார்வர்டும் ஏற்றது. துரிதமாக எறியும் கார்டு ஏற்றதல்ல.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கரையோரத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரூட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ் தனியாக வையுங்கள். சீசன் ஆட்டத்தில் ஒவ்வொரு டிரேட் முடிந்ததும் சேமியுங்கள். சேமிப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பே கெட்டுப்போகக்கூடும். அதனால் இரண்டு பெயரில் மாற்றி மாற்றிச் சேமித்து வாருங்கள்.

கேள்வி: பள்ளி அணியில் ஆடுகிறேன். கோச் என்னை 5-ல் நிறுத்துகிறார். அண்ணனோடு விளையாடும்போது பெண்கள் அணியை எடுத்து, அதிலும் சென்டரை வைத்தே ஆடுகிறேன். திரையில் கற்றது களத்துக்கு உதவுமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, உப்பளம், புதுச்சேரி

நிறைய உதவும், சிலது உதவாது. 2கே20 பதிப்பிலிருந்து பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ அணிகள் இந்த விளையாட்டில் இருக்கின்றன. லாஸ் வேகாஸ் அணியை எடுத்து ஏஜா வில்சனை வைத்து ஆடுங்கள். 2020, 2022, 2024, 2025 என்று நாலு முறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவரைப் பந்தோடு ஆட்டுவிப்பதைவிட, பந்து அவர் கையில் இல்லாதபோது எங்கே போகிறார், எந்தப் பக்கத் தோளில் இடம் பிடிக்கிறார் என்று ரீப்ளேயில் பாருங்கள். ஸ்கிரீன் வைத்ததும் எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார் என்பதை நாலு முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், மறுநாள் களத்தில் உங்கள் காலே அதைத் தேடும்.

உதவாதது விதி வேறுபாடு. என்.பி.ஏ, டபிள்யூ.என்.பி.ஏ இரண்டிலும் தற்காப்புச் சென்டர் யாரையும் காக்காமல் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நின்றால் தவறு. உங்கள் பள்ளிப் போட்டிகள் ஃபீபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் நடந்தால் அந்தத் தடை இல்லை. நீங்கள் கூடைக்கு அடியிலேயே நிற்கலாம், நிற்கவும் வேண்டும். திரைப் பழக்கத்தில் மூன்று எண்ணிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். ஆனால் பந்து உங்கள் அணியிடம் இருக்கும்போது மூன்று நொடி விதி ஃபீபாவிலும் உண்டு. ஃபவுல் கணக்கும் வேறு: என்.பி.ஏ, டபிள்யூ.என்.பி.ஏ-வில் ஆறில் வெளியே, ஃபீபாவில் ஐந்தில். முதல் பாதியிலேயே மூன்று ஃபவுல் வாங்கிவிட்டால், பிளாக் செய்யத் தாவாமல் இரண்டு கையையும் நேரே தூக்கி நில்லுங்கள். விளையாட்டிலும் இதே பயிற்சியைச் செய்யலாம்: ஒரு முழு ஆட்டம் தற்காப்பில் முக்கோணப் பட்டனை (பிளாக்) தொடாமல், எல்2-வை (நெருங்கிக் காப்பது) மட்டும் பிடித்து இடம் பிடித்துக் காத்துப் பாருங்கள். எத்தனை எறி தானாகவே தவறுகிறது என்று அண்ணனை எண்ணச் சொல்லுங்கள்.